அங்கன்வாடியில் சாப்பிடுகிறான், வீட்டில் ஏன் மாட்டேன் என்கிறான்?

கேள்வி:

எங்களுக்கு உத்தமபாளையம் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் முக்கால் ஏக்கர் திராட்சைப் பந்தலைக் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கிறார். நான் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். விடியற்காலை 5 மணிக்கெல்லாம் ஜீப் வந்துவிடும். கம்பமெட்டு ஏறிப் போய் வேலையை முடித்து வீடு திரும்ப சாயங்காலம் 6 மணி ஆகிவிடும். மகனுக்கு நாலு வயது முடிந்து மூன்று மாதம். அவனைப் பார்த்துக்கொள்வது என் மாமியார்தான்.

அவன் சாப்பாடுதான் எங்கள் வீட்டில் தினமும் சண்டை. சீனி தொட்டுத் தோசை, தயிர்ச்சோறு, பொரித்த அப்பளம், கடையில் தொங்கும் 5 ரூபாய்ப் பொட்டலம், இவ்வளவுதான் இறங்கும். கீரையைக் கண்டால் ஓங்கரிக்கிறான். முருங்கைக்காய், அவரைக்காய், பீட்ரூட் எதுவும் ஆகாது. சாம்பாரில் கிடக்கும் கறிவேப்பிலையைக்கூட எடுத்துத் தரையில் ஒட்டிவிடுவான். பால் மட்டும் கேட்டுக் கேட்டுக் குடிப்பான், நாளைக்கு நாலு டம்ளர். காலையில் அவன் அப்பத்தாவோடு சேர்ந்து டீயில் ரஸ்க் நனைத்துத் தின்பான். போன் கையில் இருந்தால்தான் வாயைத் திறக்கிறான். ஆனால் அங்கன்வாடியில் கலவைச் சோற்றைக் காயோடு சாப்பிடுகிறான் என்று டீச்சர் சொல்கிறார். எனக்கு நம்பவே முடியவில்லை. எடை 14 கிலோ. பயப்பட ஒன்றுமில்லை என்றும் அவர் சொன்னார்.

போன வாரம் வேலை முடிந்து வந்த அலுப்பில், தட்டைத் தள்ளினான் என்று அடித்துவிட்டேன். அவன் அழுதுகொண்டே தூங்கினான். எனக்குத் தூக்கம் வரவில்லை. கீரையை அரைத்து அவனுக்குத் தெரியாமல் மாவில் கலந்துவிடலாமா? மெடிக்கலில் பசி டானிக் தருகிறார்கள், வாங்கிக் கொடுக்கலாமா? ஊருக்கே பழம் விளைவிக்கிறோம், என் பிள்ளை ஒரு பழம் தின்ன மாட்டேன் என்கிறான்.

ஒரு வாசகி, உத்தமபாளையம் வட்டம்

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை ஒரே ஒரு வரியை அடிக்கோடிட்டேன். அங்கன்வாடியில் காயோடு சோறு சாப்பிடுகிறான் என்ற வரி. உங்களால் நம்ப முடியாத அந்த வரியை நான் முழுதாக நம்புகிறேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

உங்கள் பிள்ளையின் நாக்கில் கோளாறு எதுவும் இல்லை. தொண்டையிலும் இல்லை. காயைக் கடிக்கத் தெரிகிறது, விழுங்கத் தெரிகிறது. வீட்டில் செய்ய மறுப்பதை, தெருக்கோடியில் இருக்கும் இன்னொரு அறையில் அவனே செய்கிறான். அப்படியானால் இரண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசம் என்றுதான் பார்க்க வேண்டும்.

அங்கே அவன் உட்காரும்போது பசி இருக்கிறது. காலையில் இருந்து ஓடி ஆடியிருக்கிறான், கையில் பால் டம்ளர் இல்லை. சுற்றிலும் அவன் வயதுப் பிள்ளைகள் அதே சோற்றை அள்ளிச் சாப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அவன் வாயையே யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. இத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் டீச்சருக்கும் ஆயாவுக்கும் அதற்கு ஏது நேரம்? தட்டை வைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார்கள். அவன் பாட்டுக்குச் சாப்பிடுகிறான்.

கூடச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை லீன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980இல் சோதித்துப் பார்த்தார். ஒரு காய் பிடிக்காத சின்னப் பிள்ளையை, அந்தக் காயை விரும்பிச் சாப்பிடும் பிள்ளைகளோடு சில நாள் மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்கார வைத்தார். யாரும் எதையும் வற்புறுத்தவில்லை. சில நாளிலேயே அந்தப் பிள்ளையும் அந்தக் காயை எடுக்கத் தொடங்கியது. நம் ஊரில் பந்தியில் உட்கார்ந்து பழகிய பிள்ளைகள் எதையும் சாப்பிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சும்மா சொன்ன பேச்சு இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் மனது கொஞ்சம் ஆறும். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரைக்கும் புதிய சாப்பாட்டைக் கண்டு பின்வாங்குவது பிள்ளைகளின் இயல்பு. நடக்கத் தெரிந்து, கண்ணில் படும் இலையையும் காயையும் வாயில் வைக்கும் வயது அது. தெரியாததை வேண்டாம் என்று ஒதுக்குவது அந்த வயதுக்கு ஒரு காவல். பச்சையாக, கசப்பாக இருப்பதன்மேல் சந்தேகம் கூடுதல். அதனால் கீரைதான் முதலில் அடி வாங்கும். பசியும் அந்த வயதில் உண்மையாகவே குறையும். பிறக்கும்போது 3 கிலோ இருக்கும் பிள்ளை ஒரு வயதில் 9 கிலோ ஆகிறது. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு. உங்கள் மகனுக்கு இப்போது வருஷத்துக்கு 2 கிலோ ஏறினாலே போதும். ஒரு வயதில் தின்றதையே இப்போதும் தின்பான் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அளவுக்கு நான் சொல்லும் கணக்கு, ஒரு காய்க்கு வயதுக்கு ஒரு கரண்டி. நாலு வயதுக்கு நாலு மேசைக்கரண்டி பொரியல் என்றால் அது முழுச் சாப்பாடு. நாம் தட்டில் வைப்பது பெரும்பாலும் நம் வயிற்றுக்கு.

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். அவன் வாய்க்குள் ஒரு நாளில் போவது எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். காலை டீயும் ரஸ்க்கும், பிறகு ஒரு டம்ளர் பால், அங்கன்வாடிக்குப் போகும் வழியில் ஒரு பொட்டலம், மதியம் வந்ததும் பால், சாயங்காலம் பால், நடுவில் இரண்டு பிஸ்கட். உங்கள் வீட்டு டம்ளர் 200 மில்லி பிடிக்கும் என்றால் நாலு டம்ளர் 800 மில்லி ஆகிறது. இவ்வளவும் உள்ளே போன பிறகு ராத்திரி 7 மணிக்கு நீங்கள் கீரைச் சோற்றைப் பிசைந்து கொண்டுபோனால் அவன் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? அவன் பிடிவாதம் பிடிக்கவில்லை. அவனுக்குப் பசிக்கவில்லை.

பால் நல்லதுதான். ஆனால் அதில் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம். நாலு வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளைக்கு 11 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கு. பாலால் வயிறு நிரம்பிய பிள்ளைக்கு அது வேறு வழியில் போய்ச் சேராது. டீ வேறு, சாப்பாட்டில் வரும் கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். இரும்புச்சத்து குறைந்தால் பசி மந்தப்படும், பசி மந்தப்பட்டால் பால் மட்டும் இறங்கும், பால் மட்டும் இறங்கினால் இரும்பு இன்னும் குறையும். இந்தச் சுற்றில் மாட்டிய பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. இது ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை.

அதனால் முதல் வேலை கீரையிடம் இல்லை, டம்ளரிடம். பாலை நாளைக்கு இரண்டு டம்ளராகக் குறையுங்கள், அதையும் சாப்பிட்ட பிறகு கொடுங்கள். ஒரேயடியாக வேண்டாம், வாரத்துக்கு ஒரு டம்ளர் குறைத்தால் போதும். டீயை அவன் டம்ளரில் ஊற்றுவதை நிறுத்துங்கள். ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இரண்டரை, மூன்று மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். பொட்டலத்தை வீட்டுக்குள் வாங்கி வைக்காதீர்கள். கண்ணில் படுவதைக் கேட்காதே என்று நாலு வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடியாது.

இதையெல்லாம் நடத்தப்போவது நீங்கள் இல்லை, உங்கள் அத்தை. அங்கேதான் சிக்கல் என்று உங்களுக்கும் தெரியும். பகல் முழுவதும் பேரனைத் தூக்கிச் சுமப்பவர் அவர். அவன் அழுதால் ரஸ்க்கை நீட்டுவது அவருடைய பாசம், அவருடைய களைப்பும்கூட. வேலையிலிருந்து வந்து "ஏன் அதைக் கொடுத்தீங்க, இதைக் கொடுத்தீங்க" என்று ஆரம்பித்தால் மறுநாளும் ரஸ்க்தான். அவரை நிறுத்தச் சொல்வதைவிட அவருக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். அந்த வேலை அவர் ஒருவரால் மட்டுமே முடியும்.

ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டுப் பேத்திக்கும் நாலு வயதுதான் இருக்கும். கீரை என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து ஓடிவிடுவாள். நான் அந்த அப்பத்தாவிடம், கீரையைச் சாப்பிட வைக்க வேண்டாம், உருவ மட்டும் கூட வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனபோது திண்ணையில் முறத்தைப் போட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பத்தா ஒரு முருங்கை ஈர்க்கின் அடியைப் பிடித்து மேலே ஒரே இழுப்பாக இழுக்க, இலையெல்லாம் முறத்தில் உதிர்ந்தது. பேத்திக்கு அது வரவில்லை. ஒவ்வொரு இலையாகக் கிள்ளினாள். விரல் நுனி பச்சையானது. முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். திடீரென்று ஒரு இலையை எடுத்து நாக்கில் வைத்தாள், த்தூ என்று துப்பினாள். அப்பத்தா அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. "அது காம்பு, அதை இங்கன போடு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஈர்க்கை எடுத்தார். எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. நம்மில் யாராக இருந்தாலும் "ஐயோ, என் தங்கம் கீரை தின்னுருச்சே" என்று கைதட்டியிருப்போம், அல்லது "ஏன் துப்புற" என்று கேட்டிருப்போம். இரண்டில் எதைச் செய்தாலும் அந்தப் பிள்ளை அன்றோடு முறத்தை விட்டு எழுந்திருக்கும்.

அந்த இலையைத் துப்பியதுதான் பாடம். ஒரு புதிய உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு முறை, பத்து முறை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து முறைகூட அது முன்னால் வர வேண்டும் என்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வாயில் போய் விழுங்கினால்தான் கணக்கு என்று நினைக்காதீர்கள். பார்ப்பதும், தொடுவதும், முகர்வதும், நாக்கில் வைத்துத் துப்புவதும் பழக்கத்தில் சேரும். நாம் மூன்றாவது முறையிலேயே "அவனுக்கு இது பிடிக்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம், அவன் காது கேட்கவே சொல்கிறோம். பிறகு அவனும் அதையே சொல்வான்.

முருங்கையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அது உங்கள் மாவட்டத்துச் செடி. பெரியகுளத்தில் 1989இல் வெளியிட்ட பி.கே.எம்-1 என்ற செடிமுருங்கை இன்று எந்தெந்த நாட்டிலோ வளர்கிறது. விதை ஊன்றிய ஆறு மாதத்தில் காய்த்துவிடும். ஒரு விதையை அவன் கையாலேயே கொல்லைப்புறம் ஊன்ற வையுங்கள். தினம் ஒரு செம்பு தண்ணீர் அவன் பொறுப்பு. தான் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடியின் இலை என்றால் பிள்ளைகளுக்கு அதன்மேல் ஒரு உரிமை வந்துவிடுகிறது.

இப்போது நீங்கள் கேட்டது. கீரையை அரைத்து அவனுக்குத் தெரியாமல் கலக்கலாமா? கலக்கலாம், மறைக்க வேண்டாம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. என்னிடம் வந்த ஒரு பிள்ளைக்கு ஏற்கெனவே இறங்கிய சாப்பாடு இட்லியும் பாலும்தான். வீட்டில் அவசரப்பட்டு இரும்புச்சத்துச் சொட்டு மருந்தைப் பாலில் கலந்து கொடுத்துவிட்டார்கள். ஒரே வாயில் கண்டுபிடித்தது. அன்றிலிருந்து பால் போயிற்று, அடுத்த வாரம் சந்தேகத்தில் இட்லியும் போயிற்று. உங்கள் மகனுக்கு நம்பிக்கையான சாப்பாடு தோசையும் தயிர்ச்சோறும். அந்த இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். அவற்றில் ஏமாற்று வேலை வேண்டாம்.

ஆனால் அந்தத் தோசையையே பாலமாகப் போட்டுக்கொள்ளலாம். மூன்று கரண்டி வழக்கமான மாவில் ஒரு கரண்டி கேப்பை மாவு. "இன்னைக்கு உனக்குப் பழுப்புத் தோசை" என்று சொல்லியே கொடுங்கள். 100 கிராம் கேப்பையில் கால்சியம் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, அதே எடைப் பாலில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. பாலைக் குறைத்தால் எலும்பு என்னாகும் என்று அத்தை கேட்டால் இதைச் சொல்லுங்கள். அது பழகிய பிறகு அடையில் நாலைந்து முருங்கை இலை. அரைத்து இல்லை, கண்ணுக்குத் தெரியும்படி, அவனே மேலே தூவும்படி. அவன் தூவிய இலையை அவனே எடுத்துப் போட்டாலும் போடட்டும், அடை வாசனையில் முருங்கை ஏறியிருக்கும். சீனியை முதல் வாரத்திலேயே பிடுங்காதீர்கள். ஒரு ஓரத்தில் சீனி, இன்னொரு ஓரத்தில் கொஞ்சம் தேங்காய்ச் சட்னி. சீனி மெல்ல மெல்லக் குறையட்டும். தயிர்ச்சோற்றில் துருவிய கேரட்டையும் மாதுளை முத்தையும் பக்கத்தில் வைத்து, வேண்டுமானால் போட்டுக்கொள் என்று விட்டுவிடுங்கள். மொச்சையோ தட்டாம்பயறோ வேகவைத்து மசித்தால் பணியார மாவில் நன்றாக இழையும். பணியாரச் சட்டியின் குழியில் மாவு உப்புவதைத் தள்ளி நின்று பார்க்கவே பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கீரையோடும் பயறோடும் கொஞ்சம் எலுமிச்சையோ தக்காளியோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதிலுள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும்.

சாயங்காலத்துக்கு வருகிறேன். நீங்கள் அடித்த அந்த வேளைதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே வேளை. அதைச் சண்டைக்கு விட்டுவிடாதீர்கள். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். நான் இத்தனை வருஷத்தில் பார்த்த யோசனைகளில் அதைவிட உதவியானது இல்லை. என்ன சாப்பாடு, எந்த நேரம், எந்த இடம் என்று முடிவு செய்வது பெரியவர்கள். அதில் எவ்வளவு, அல்லது சாப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது பிள்ளை. உங்கள் வேலையை அவனிடம் கொடுக்காதீர்கள். "என்ன வேணும் சாமி, தோசையா, சேமியாவா?" என்று கேட்பது அப்படிக் கொடுப்பதுதான். அவன் வேலையை நீங்கள் பிடுங்கவும் வேண்டாம். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்பது பிடுங்குவது.

நடைமுறையில் இப்படி. 7 மணிக்கு எல்லோரும் தரையில் ஒன்றாக உட்காருங்கள். உங்கள் வீட்டுக்காரரும், அத்தையும். எல்லோர் தட்டிலும் ஒரே சாப்பாடு. அவன் தட்டிலும் அதே, கூடவே அவனுக்கு இறங்கும் தயிர்ச்சோறு ஒரு கை அளவு. அப்படி வைத்தால் பட்டினியாகப் படுப்பானோ என்ற பயம் உங்களுக்கு இருக்காது, பயம் இல்லாவிட்டால் கையும் ஓங்காது. பொரியல் ஒரு சிட்டிகை போதும். குவித்து வைத்தால் பார்த்ததுமே மலைத்துவிடுவான். பிறகு அவன் தட்டைப் பார்க்காமல் தோட்டத்தில் நடந்ததைப் பேசுங்கள். ஜீப் வளைவில் ஏறியது, மழை பெய்தது, மேலே எவ்வளவு குளிர். 20, 25 நிமிஷத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். "திங்கலையா, சரிய்யா" என்று சொல்லிவிட்டு எடுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பிஸ்கட் கேட்பான். காலையில் சாப்பிடலாம் என்று சொல்லுங்கள், அத்தையும் அதையே சொல்ல வேண்டும். முதல் நாலைந்து நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

பூச்சாண்டி, போலீஸ்காரர், ஊசி போடும் டாக்டர், இவர்களையெல்லாம் சாப்பாட்டு நேரத்துக்குக் கூப்பிட வேண்டாம். பயந்த பிள்ளைக்கு உமிழ்நீரே ஊறாது. "கீரை தின்னா மிட்டாய் தர்றேன்" என்பதும் வேண்டாம். அதே பர்ச் அம்மையார் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பரிசு கிடைக்கும் என்று சாப்பிட வைத்த உணவின்மேல் பிள்ளைகளுக்கு விருப்பம் குறைந்துபோனது. மிட்டாயைக் காட்டி விற்க வேண்டிய பண்டம் என்றால் அது மோசமானதாகத்தான் இருக்கும் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது.

போனை எப்படி நிறுத்துவது என்று கேட்பீர்கள். போன் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கும் பிள்ளைக்கு உள்ளே போவது கீரையா கிழங்கா என்று தெரிவதில்லை, அதனால் எதுவும் பழகுவதும் இல்லை. வருஷக்கணக்கில் ஊட்டினாலும் முதல் நாள் முதல் நாளாகவே இருக்கும். முதலில் சாயங்கால வேளைக்கு மட்டும் போனை எடுத்துவிடுங்கள். பெரியவர்களின் போனும் சேர்ந்துதான். அது நிலைத்த பிறகு பகல் வேளை. ஊட்டுவதையும் மெல்ல விடுங்கள். நாலு வயதுக் கை சோற்றைச் சிந்தும், சிந்தட்டும், கூட்டி அள்ளிக்கொள்ளலாம்.

திராட்சை பற்றி நீங்கள் எழுதியது மனதைத் தொட்டது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, வருஷம் முழுக்கக் காய்க்கிற பந்தல் உங்களுடையது. ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 5 வயது ஆகும் வரை முழுத் திராட்சையைப் பிள்ளை வாயில் போடாதீர்கள். உருண்டையாக, வழுக்கலாக இருக்கும் பழம் சின்னக் குரல்வளையை மூடி போட்டதுபோல அடைத்துக்கொள்ளும். நன்றாகக் கழுவி, நீளவாக்கில் நாலாகக் கீறி, விதையை எடுத்துவிட்டு, உட்கார வைத்துக் கொடுங்கள். ஓடும்போது, அழும்போது, ஜீப்பில் போகும்போது கூடாது. முழு நிலக்கடலைக்கும் இதே விதி. பந்தலில் மருந்து அடிக்கும் நாளில் பிள்ளை அங்கே இருக்க வேண்டாம். அடித்துவிட்டு வரும் அப்பாவும் குளித்த பிறகே பிள்ளையைத் தூக்கட்டும்.

மற்ற நாளில் பந்தலுக்குக் கூட்டிப் போங்கள். குலையைத் தடவிப் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கம்பம் உழவர் சந்தைக்குப் போனால் ஒரு காய் அவன் தேர்ந்தெடுப்பதாக இருக்கட்டும். கத்தரிக்காயின் நிறத்துக்காக எடுப்பான், பீர்க்கங்காயின் வரிக்காக எடுப்பான். எதை எடுத்தாலும் வாங்கி வந்து அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

பசி டானிக்கை மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள். பசியைத் தூண்டும் சில மருந்துகள் பிள்ளையைத் தூக்கக் கலக்கத்தில் வைத்திருக்கும், நிறுத்தியதும் பசி பழையபடி ஆகிவிடும். சத்துப் பானப் பொடிகளில் சீனி எவ்வளவு என்று டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். அதற்குச் செலவழிக்கும் பணத்தில் முட்டை வாங்கலாம். குடற்புழு மாத்திரை அங்கன்வாடியில் கொடுக்கும்போது தவறவிடாதீர்கள்.

ஆனால் வேறு சில அறிகுறிகள் இருந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாது. அங்கன்வாடியில் எடை போடும் அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 14 கிலோ என்பதைவிட மூன்று, நாலு மாதமாகக் கோடு மேலே போகிறதா என்பதுதான் முக்கியம். கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். பச்சரிசி, மண், சாம்பல், சுண்ணாம்பு இவற்றைத் திருட்டுத்தனமாகத் தின்கிறானா என்று அத்தையிடம் கேளுங்கள். இது பெரும்பாலும் ரத்தசோகையின் அடையாளம், அடித்துத் திருத்துவதில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை முக்கி முக்கி வெளிக்குப் போகிறான் என்றால் அந்த மலச்சிக்கலே பசியைக் கொன்றுவிடும். சொத்தைப் பல் வலித்தாலும் பிள்ளைகள் மெல்லும் பண்டத்தை ஒதுக்கும், காரணம் சொல்லத் தெரியாது. விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, ஏற்கெனவே சாப்பிட்ட பண்டங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தாலோ, பேச்சும் விளையாட்டும் வயதுக்குப் பின்தங்கியிருந்தாலோ, கம்பம் அரசு மருத்துவமனையிலோ க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குழந்தைகள் பிரிவில் ஒரு முறை காட்டிவிடுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதும் என்று தோன்றுகிறது.

அவன் சீக்கிரம் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுவான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார். விடியற்காலை 5 மணிக்கு ஜீப் ஏறும் உங்களைப் போன்ற அம்மாக்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தட்டில் கிடக்கும் காயோடு அவனுக்கு இப்போதே அறிமுகம் ஆகட்டும். அங்கன்வாடி டீச்சரிடம் இந்த வாரம் எந்தெந்தக் காய் என்று கேட்டு, அதே காயை அன்று ராத்திரி வீட்டிலும் செய்யுங்கள். அங்கே சாப்பிட்டது இங்கேயும் வந்திருக்கிறதே என்று அவனுக்கே தோன்றும்.

அடித்ததைப் பற்றி. நாள் முழுக்க மலையில் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த உடம்பு அது. உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவனிடம், "அன்னைக்கு அம்மா அடிச்சது தப்பு, இனிமே சாப்பாட்டுக்கு அடிக்க மாட்டேன்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். நாலு வயதுக்கு அது புரியும். சொல்லிவிட்டு, சுவரில் தொங்கும் காலண்டரை எடுங்கள். முருங்கை இலை அவன் முன்னால் வந்த ஒவ்வொரு நாளுக்கும் அந்தத் தேதியில் ஒரு சின்னக் கோடு போடுங்கள். தொட்டாலும் கோடு, முகர்ந்தாலும் கோடு, துப்பினாலும் கோடு. 15 கோடு ஆவதற்கு முன்னால் அவனுக்குப் பிடிக்காது என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. 15 ஆனதும் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.